உப்புக் காற்றும் ஒஸ்டின் கார்களும்

கிழக்கிலங்கையின் தென்கரையில் இரும்புக்கு ஆயுள் குறைவு. யன்னற் கம்பி, கிணற்றுக் கப்பி, சைக்கிள் சங்கிலி என எதுவாயினும் இரண்டு மாரி கண்டதும் செந்நிறப் பொருக்கு விடத் தொடங்கும். கறள் என்று நம் மக்கள் சொல்லும் துருவோடு மல்லுக்கட்டுவது அங்கே அன்றாட வாழ்வின் ஒரு பகுதி. அத்தகைய கரையில், பிரித்தானியாவில் செய்யப்பட்ட மோட்டார்க் கார்களை முப்பது, நாற்பது ஆண்டுகள் ஓடவைத்த ஒரு தலைமுறை இருந்தது.

நமது ஊர் வரலாறுகளில் முதன்முதலாகக் கார் வாங்கிய போடியாரைப் பற்றியும் முதலாளியைப் பற்றியும் ஒரு வரியாவது எழுதப்பட்டிருக்கும். அந்தக் காரை மழையிலிருந்தும் கடற்காற்றிலிருந்தும் காப்பாற்றிய சாரதியைப் பற்றியோ, அதன் ஓட்டைத் தகட்டை வெட்டி ஒட்டிய டிங்கர் வேலைக்காரரைப் பற்றியோ ஒரு சொல்லும் இராது. இக்கட்டுரை அவர்களின் கைப்பட்ட அறிவைப் பற்றியது. ஈரத்தை வராமல் தடுப்பது எவராலும் இயலாது. வந்த ஈரத்தை விரைவில் உலரவிடுவதே காரைக் காக்கும் வழி என்பதுதான் அந்த அறிவின் சாரம். கேட்பதற்கு எளிமையான இந்த உண்மையை நாம் இன்று பெரும்பாலும் மறந்துவிட்டோம்.

கடலுக்கும் வயலுக்கும் இடையில்

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, வெல்லவாய, பொத்துவில் வழியாக மட்டக்களப்பை அடையும் ஏ4 நெடுஞ்சாலையின் கடைசிப் பகுதி நமது கரையோர ஊர்களின் ஊடாகச் செல்கின்றது. கல்முனையிலிருந்து தெற்கு நோக்கி வந்தால் சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். கிழக்கே கடல், மேற்கே கண்ணுக்கெட்டிய தூரம் நெல்வயல். இரண்டுக்கும் நடுவே ஒடுங்கிய மணற்றிட்டின்மீது மக்கள் நெருங்கி வாழ்கின்றனர்.

ஒலுவில் இந்த நில அமைப்புக்கு நல்ல எடுத்துக்காட்டு. பட்டிப்பளை ஆறு என்று முன்னோர் அழைத்த கல்லோயாவின் நீர் களியோடை வழியாக இந்தப் பக்கத்தில்தான் கடலை நாடுகின்றது. ஒக்டோபர் பிற்பகுதியில் தொடங்கும் வடகீழ்ப் பருவமழை நவம்பர், டிசம்பர், ஜனவரி மாதங்களில் உச்சம் பெறும். ஆண்டு மழையின் பெரும்பங்கு இந்தச் சில மாதங்களிலேயே கொட்டிவிடும். அப்போது வயற்புறத்திலிருந்து வெள்ளமும், கடற்புறத்திலிருந்து வாடைக்காற்று அள்ளிவரும் உப்புத் தூவானமும் ஒரே நேரத்தில் ஊரைச் சூழ்ந்துகொள்ளும். காருக்கு இரு திசையிலும் பகை.

இவ்விரண்டில் கொடியது எது? மழைநீரென்றே பலர் நினைப்பர். உண்மையில் மழை காருக்குச் செய்யும் தீங்கு உப்பு செய்யும் தீங்கைவிடக் குறைவு. இரும்பு துருப்பிடிப்பதற்குக் காற்றிலுள்ள ஒட்சிசனும் நீரும் போதும். ஆனால் அந்த நீரில் உப்புக் கரைந்திருந்தால் அது மின்னை எளிதாகக் கடத்தும். துருப்பிடித்தல் என்பது அடிப்படையில் இரும்பின் மேற்பரப்பில் நிகழும் ஒரு மின்வேதியியற் செயலாகையால், உப்பு நீரில் அது பன்மடங்கு வேகம் பெறும். உப்பிலுள்ள குளோரைட்டு உலோகத்தின்மீது இயல்பாகப் படரும் காப்புப் படலத்தையும் துளைத்துவிடும்.

இதற்கும் மேலான ஒரு கேடு உண்டு. உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். மாரிகாலத்தில் கருவாடு கசிவதையும் அடுப்படியில் உப்புச் சட்டி நீர்விடுவதையும் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 வீதத்தைத் தாண்டினாலே கறியுப்பு நீராகக் கரையத் தொடங்கும். கடலுப்பில் மக்னீசியம் குளோரைட்டும் கலந்திருப்பதால் அது இன்னும் குறைந்த ஈரப்பதத்திலேயே கசியும். ஆகவே மழை விட்டு வெயில் எறித்த நாளிலும், உப்புப் படிந்த தகடு இரவு முழுதும் நனைந்தபடியே இருக்கும்.

இங்கே ஒரு விந்தையைக் கவனிக்க வேண்டும். காரின் கூரையும் ஹூட்டும் மழையில் நேரடியாக நனைகின்றன. ஆயினும் அவை இறுதியில்தான் அழிகின்றன. ஏனெனில் மழையே அவற்றின் உப்பைக் கழுவிவிடுகின்றது. மட்காட்டின் உட்புறம், கதவின் அடிவிளிம்பு, அடித்தட்டின் மடிப்புகள் ஆகிய மழை படாத மறைவிடங்களே முதலில் உளுத்துப்போகின்றன. அங்கே உப்பும் சேறும் சேர்ந்து தங்குகின்றன. கழுவுவார் இல்லை, காயவைப்பார் இல்லை. பழைய சாரதிகள் வேதியியல் படித்தவர்கள் அல்லர். ஆனால் கார் கீழிருந்து மேலாகத்தான் சாகும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

மாட்டு வண்டியிலிருந்து மோட்டாருக்கு

மோட்டார் வருவதற்கு முன் இப்பகுதியின் போக்குவரத்து மாட்டையும் தோணியையும் நம்பியிருந்தது. கரையோர முஸ்லிம்கள் பொதிமாட்டுத் தவளங்களில் உப்பும் கருவாடும் துணியும் ஏற்றிக் கண்டி நாட்டு மலைகளுக்குச் சென்று பண்டமாற்றுச் செய்த வரலாறு நன்கறியப்பட்டது. மரத்தாலான வண்டியில் இரும்பு சக்கரத்தின் பட்டாவும் அச்சுமாகவே இருந்தது. தோணிகளுக்கு மீனெண்ணெய் பூசுவது கரையில் வழக்கமாயிருந்தது. உப்பு நீரில் உழலும் பொருளுக்கு எண்ணெய்ப் பூச்சே காப்பு என்ற எண்ணம் காருக்கு முன்னரே நம்மிடம் இருந்தது என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகின்றேன்.

இலங்கைக்கு மோட்டார்க் கார் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. கார் உரிமையாளர்களின் சங்கம் கொழும்பில் 1904 ஆம் ஆண்டு தோன்றியது. ஆனால் நமது கரைக்குக் கார் வருவதற்குப் பாதையும் பாலமும் வேண்டியிருந்தன. மட்டக்களப்பு வாவியின் குறுக்கே கல்லடியில் 1924 ஆம் ஆண்டு இரும்புப் பாலம் அமைந்த பின்னரே வடக்கிலிருந்து கல்முனைப் பக்கம் வாகனங்கள் தடையின்றி வரலாயின. ஆளுநர் மானிங்கின் மனைவியின் பெயரைத் தாங்கிய அப்பாலமும் இரும்பே. அதுவும் வாவியின் உப்புக் காற்றில் நின்று 2013 ஆம் ஆண்டு புதிய பாலம் திறக்கப்படும்வரை வாகனங்களைச் சுமந்தது. இடைவிடாது பூச்சுப் பூசிப் பராமரித்தால் இரும்பு உப்பையும் தாங்கும் என்பதற்கு அதைவிட வேறு சான்று தேவையில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர்தான் கார்கள் நமது ஊர்களில் கண்ணிற் படும் அளவுக்குப் பெருகின. 1949 ஆம் ஆண்டளவில் தொடங்கிய கல்லோயாத் திட்டம், இங்கினியாகலை அணை, அதனால் விரிந்த நெற்செய்கை ஆகியன கையில் பணத்தையும் தந்தன, பாதைகளையும் திறந்தன. ஒஸ்டின் ஏ40, மொரிஸ் மைனர், மொரிஸ் ஒக்ஸ்பேர்ட், ஹில்மன் மின்க்ஸ், வொக்ஸ்வாகன், பியூஜோ 203 ஆகியவை அக்காலப் பெயர்கள். சிலோன் என்ற ஆங்கிலப் பெயரின் எழுத்துகளை இவ்விரண்டாகச் சேர்த்த சீ.வை., ஈ.எல்., ஈ.வை. போன்ற இலக்கத் தகடுகளை அவை தாங்கியிருந்தன. 1958 ஆம் ஆண்டளவில் ஸ்ரீ எழுத்துத் தகடு வந்து, வடக்குக் கிழக்கில் அது ஓர் அரசியற் போராட்டமாக வெடித்தது வேறு கதை. தகட்டைப் பார்த்தே காரின் வயதைச் சொல்லிவிடலாம் என்பதுதான் இங்கே நமக்குத் தேவையான செய்தி.

அக்காலத்துக் கார் ஒரு குடும்பத்தின் உல்லாசப் பொருளாக மட்டும் இருந்ததில்லை. நள்ளிரவில் பிரசவ வேதனையில் துடிக்கும் பெண்ணைக் கல்முனைக்கோ மட்டக்களப்புக்கோ வைத்தியசாலைக்கு எடுத்துச் சென்றதும், கலியாணத்தில் மாப்பிள்ளையை ஏற்றிவந்ததும், ஹஜ்ஜுக்குப் போகிறவரை ரயிலடிவரை கொண்டு விட்டதும் ஊரிலிருந்த அந்த ஒன்றிரண்டு கார்களே. மாரியில் கார் நின்றுபோனால் ஊரே ஒரு காலை இழந்தது போலாகும். காரின் அடித்தட்டைக் காப்பது ஊரின் அவசரத் தேவையைக் காப்பதாக இருந்தது.

இறக்குமதிக் கதவு மூடிய ஆண்டுகள்

1957 டிசம்பர் இறுதியில் பெய்த பேய்மழை கிழக்கின் குளக்கட்டுகளையும் பாலங்களையும் உடைத்து, பாதைகளை நாட்கணக்கில் நீரில் ஆழ்த்தியது. மோட்டார் யுகம் நமது கரையில் சந்தித்த முதற்பெரும் வெள்ளம் அதுவெனலாம். அந்த அழிவிலிருந்து மீள்வதற்குள் இன்னொரு நெருக்கடி வந்தது. அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் 1960-களின் தொடக்கத்தில் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977 ஆம் ஆண்டு ஜே.ஆர். ஜயவர்தனவின் அரசு பொருளாதாரத்தைத் திறந்துவிடும் வரை, ஏறத்தாழ ஒன்றரைத் தசாப்தம், இருந்த கார்தான் கார். உளுத்த கதவுக்கு மாற்றுக் கதவு கொழும்பிலும் எளிதிற் கிடைக்காது.

நம் மக்களின் கார் காக்கும் கலை முழு வளர்ச்சி பெற்றது இந்த ஆண்டுகளிற்றான். பழைய சாரதிகள் வாயிலாகக் கேட்டறிந்த சிலவற்றை இங்கே தொகுத்துத் தருகின்றேன்.

முதலாவது, கொட்டில். கார் நிற்கும் இடம் கிடுகினால் வேய்ந்த கூரையும், பக்கங்கள் பெரும்பாலும் திறந்தும் உள்ள கொட்டிலாக இருக்கும். கடற்பக்கம் மட்டும் கிடுகுத் தட்டி கட்டியிருப்பர். உப்புத் தூவானம் தட்டியிற் படியும். காற்று மற்றப் பக்கங்களால் வந்து ஈரத்தை எடுத்துச் செல்லும். சீமெந்துச் சுவர் எழுப்பி இரும்புக் கதவு போட்ட கராஜைவிட இந்தக் கொட்டிலில் கார் நீண்டகாலம் வாழ்ந்தது. அடைத்த அறையில் நனைந்த காரை விட்டால் அங்குள்ள காற்றே ஈரமாகி நிற்கும்.

இரண்டாவது, படங்கு. காரின்மேல் படங்கைப் போர்த்திக் கட்டுவதை அனுபவசாலிகள் விரும்பியதில்லை. இதற்கான காரணத்தை எந்த நெல் விவசாயியும் அறிவார். ஈர நெல்லைப் படங்கால் மூடிவைத்தால் உள்ளே புழுங்கி முளைவிடும். ஈரக் காரும் அவ்வாறே. அதிலும் காற்றுப் புகாத பொலித்தீன் வந்த பின், தகட்டுக்கும் பொலித்தீனுக்கும் இடையில் இரவுப் பனி உறைந்து நீராகித் தேங்கும். காற்றில் அசையும் விளிம்பு பூச்சைத் தேய்க்கும். போர்த்தியே ஆகவேண்டுமெனில் கார் காய்ந்த பின் பருத்தித் துணியால் போர்த்துவர்.

மூன்றாவது, அடித்தட்டின் எண்ணெய்க் காப்பு. மாரிக்கு முன், நிலம் காய்ந்திருக்கும் செப்டெம்பர் மாதத்தில், அடிப்பாகத்தை நன்னீரால் கழுவி, இரண்டொரு நாள் வெயிலில் காயவிட்டு, கழிவு என்ஜின் ஒயிலோடு மண்ணெண்ணெய் கலந்து தெளிப்பர். மண்ணெண்ணெய் ஒயிலை நீர்க்கச் செய்து மடிப்புகளுக்குள் புகவைத்துப் பின் ஆவியாகிவிடும். அதன்பின் காரைக் கிரவல் பாதையில் கொஞ்சத்தூரம் ஓட்டுவர். புழுதி எண்ணெயில் ஒட்டி ஒரு தோலாகிவிடும். மாரி முழுவதும் அந்தத் தோல் தாங்கும். கனடாவில் வாழும் நம்மவர்களுக்கு இது வியப்பூட்டலாம்: பனியைக் கரைக்கத் தெருவில் உப்புத் தூவும் அந்நாட்டில், ஆண்டுதோறும் குளிருக்கு முன் காரின் அடியில் எண்ணெய் தெளிக்கும் வழக்கம் இன்று ஒரு தொழிலாகவே நடக்கின்றது. ரொறொன்ரோவில் பணம் கொடுத்துப் பெறும் சேவையும் ஒலுவிற் கொட்டிலில் நடந்த வேலையும் தத்துவத்தில் ஒன்றே.

நான்காவது, ஈர்க்கு. கார்க் கதவின் அடியில் மழைநீர் வடிவதற்குச் சிறு துவாரங்கள் உண்டு. யன்னற் கண்ணாடியின் விளிம்பால் உள்ளே இறங்கும் நீர் அவற்றின் வழியே வெளியேற வேண்டும். புழுதியும் சருகும் அத்துவாரங்களை அடைத்துவிட்டால் கதவு ஒரு நீர்த்தொட்டியாகும், உள்ளிருந்தே உளுக்கும். தென்னை ஈர்க்கினால் அத்துவாரங்களைக் குத்தித் திறப்பது சாரதியின் வாராந்தக் கடமைகளுள் ஒன்று. காரின் தரையில் கம்பளம் விரிப்பதற்குப் பதிலாகச் சாக்கை விரித்து, நனைந்ததும் எடுத்து வெயிலில் போட்டனர்.

ஐந்தாவது, வெள்ளத்தைக் கடக்கும் முறை. களியோடைப் பக்கம் நீர் பாதையை மூடினால், துணைக்கு வந்தவர் முன்னால் நடந்து ஆழம் பார்ப்பார். விசிறியின் பட்டியைக் கழற்றிவிடுவர். இல்லாவிடில் விசிறி நீரை அள்ளி டிஸ்ட்ரிபியூட்டரில் அடித்து என்ஜினை நிறுத்திவிடும். டிஸ்ட்ரிபியூட்டரைப் பழைய டியூப் றப்பரால் சுற்றிக் கட்டுவதும் உண்டு. முதற்கியரில், வேகம் மாறாமல் கடந்து, அக்கரை சேர்ந்ததும் பிறேக்கை மெதுவாக மிதித்தபடி சற்றுத் தூரம் ஓட்டி அதன் உட்புறத்தைச் சூட்டினால் உலர்த்துவர். வீடு வந்ததும் கிணற்று நீரை வாளிவாளியாக மட்காட்டின் உட்புறம் அடித்துச் சேற்றைக் கழுவிய பிறகே அன்றைய வேலை முடியும்.

இத்தனைக்குப் பிறகும் தகடு உளுக்கத்தான் செய்தது. மொரிஸ் மைனர் தனிச் சட்டகம் இல்லாத கார். அதன் உடலே எலும்புக்கூடு. கதவுக்குக் கீழுள்ள பெட்டித் தகடு உளுத்தால் கார் நடுவில் தளர்ந்து கதவு சாத்த முடியாமற் போகும். டிங்கர் வேலைக்காரர் ஒயில் பீப்பாயின் தகட்டை வெட்டி, சுத்தியலால் வளைத்து, அவ்விடத்தில் ஒட்டினார். உளுத்ததை வெட்டாமல் மேலே பட்டி பூசி மறைப்பவரும் இருந்தனர். அடுத்த மாரியில் அவரது வேலை வெளிப்பட்டுவிடும். இத்தகைய கைவண்ணம் நாடெங்கும் இருந்ததனாற்போலும், பிற்காலத்தில் பிரித்தானியாவின் பாத் நகரில் மொரிஸ் மைனர் மையம் நடத்திய சார்ல்ஸ் வெயார், அக்காரின் உடற்பாகங்களைச் செய்ய இலங்கையை நாடினார். யாழ்ப்பாணத்தில் 1990-களின் பொருளாதாரத் தடையின்போது ஏ40 கார்கள் மண்ணெண்ணெயில் ஓடியதைத் தமிழர் பலரும் அறிவர். எரிபொருளின் கதை பேசப்பட்ட அளவுக்கு, உப்புக் காற்றில் அத்தகடுகள் எப்படி நிலைத்தன என்ற கதை பேசப்படவில்லை.

முன்னோர் செய்ததனைத்தும் இன்று பின்பற்றத்தக்கதன்று என்பதையும் சொல்லவேண்டும். கழிவு ஒயிலில் புற்றுநோயை உண்டாக்கும் பொருள்கள் உள்ளன. அது மணல் நிலத்தில் சொட்டினால் நமது ஆழமற்ற கிணறுகளை எட்ட நாட்செல்லாது. பிறேக் குழாய் முதலிய றப்பர்ப் பாகங்களையும் அது கெடுக்கும். அதே பயனைத் தரும் மெழுகுக் கலவைகளும் துருத்தடுப்புத் திரவங்களும் இன்று கடைகளில் உண்டு. கழுவி, உலர்த்தி, அதன்பின் பூசுதல் என்ற ஒழுங்கைத்தான் நாம் முன்னோரிடம் கற்கவேண்டும். ஈரத்தின்மேல் பூசிய கறுப்புத் தார், ஈரத்தை உள்ளே சிறைவைக்கும். வெளியே பளபளப்பாய் இருக்கையிலேயே உள்ளே தகடு போய்விடும்.

புயல், ஆழிப்பேரலை, வெள்ளம்

1977-க்குப் பின் யப்பானியக் கார்கள் வரத்தொடங்கின. அடுத்த ஆண்டே, 1978 நவம்பர் 23 அன்று, கிழக்கைச் சூறாவளி தாக்கியது. தென்னந்தோப்புகள் அடியோடு சாய்ந்தன. கிடுகு அருகிய இடத்தில் தகரக்கூரை வந்தது. கூடவே நான்கு பக்கமும் அடைத்த கராஜும் வந்தது. மரபான கொட்டிலின் காற்றோட்டம் ஒரு தலைமுறைக்குள் மறைந்தது.

காரின் தயாரிப்பும் மாறியது. 1980 ஆம் ஆண்டு பிரித்தானியாவில் இத்தாலியின் லான்சியா நிறுவனம் துருப்பிடித்த பீட்டா ரகக் கார்களைத் திருப்பி வாங்கிக்கொள்ளும் நிலைக்கு வந்தது. அக்காலத்தை ஒட்டி, தகட்டை மின்னூட்டிய பூச்சுத் தொட்டியில் முழுவதுமாக அமிழ்த்தும் முறை பரவியது. நாகம் பூசிய உருக்குத் தகடும் பின்னர் வழக்குக்கு வந்தது. இவற்றினால் புதிய கார்கள் மெதுவாகவே துருப்பிடிக்கின்றன. ஆனால் நமக்கு வந்தவற்றுட் பெரும்பாலானவை பாவித்த யப்பானியக் கார்கள். யப்பானின் பனி விழும் பிரதேசங்களிலும் தெருவுக்கு உப்பிடுவதுண்டு. அங்கே உப்பில் ஊறி வந்த அடித்தட்டு இங்கே உப்புக் காற்றில் மேலும் ஊறுகின்றது. வாங்குபவர் இருக்கையையும் வானொலியையும் பார்க்கிறாரே தவிரக் குனிந்து அடியைப் பார்ப்பதில்லை.

2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலை அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் அதிகமான உயிர்களைக் கொண்டு சென்றது. நாட்டிலேயே மிகுந்த உயிரிழப்பு அங்குதான். அந்த இழப்பின் முன் வாகனத்தைப் பற்றிப் பேசுவது பொருந்தாது எனினும், பிழைத்தவர்களின் வாழ்வாதாரத்தில் வாகனமும் இருந்தது. கடல்நீரின் ஒரு லீற்றரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. அதில் மூழ்கிய வாகனத்தை மீட்க ஒரே வழி, உடனே நன்னீரால் உள்ளும் புறமும் கழுவுவது. ஆனால் கரையோரக் கிணறுகள் எல்லாம் உப்பாகிவிட்டன. குடிக்கவே நன்னீர் இல்லாதபோது கழுவ எங்கே போவது? மூழ்கிய வாகனங்களை அதன்பின் உப்பு தன் போக்கில் தின்றது.

2011 ஜனவரியிலும் பெப்ரவரியிலும் அடுத்தடுத்து வந்த பெருவெள்ளம் கிழக்கில் பல இலட்சம் மக்களைப் பாதித்தது. அது நன்னீர் வெள்ளம். ஆனால் புதிய காருக்கு நன்னீரும் நஞ்சு. பழைய ஒஸ்டினில் நீர் புகுந்தால் துணியால் துடைத்து, ஒயில் மாற்றி ஓட்டலாம். இன்றைய காரின் கட்டுப்பாட்டுக் கணினியும் கம்பி இணைப்புகளும் பெரும்பாலும் தரையோடு ஒட்டியே கிடக்கின்றன. ஹைபிரிட் கார்களில் பெரிய மின்கலம் பின்னிருக்கைப் பக்கம் இருக்கின்றது. நனைந்த இணைப்பு இன்று வேலை செய்து, மூன்று மாதத்தின் பின் பச்சைப் பூத்து நின்றுவிடும்.

வெள்ளம் வாகனத்தை மட்டுமா கொண்டுபோகிறது? 2024 நவம்பர் 26 அன்று காரைதீவு மாவடிப்பள்ளியில், வெள்ளம் மூடிய பாதையைக் கடந்த உழவு இயந்திரம் கவிழ்ந்து மத்ரஸா மாணவர்களின் உயிர்கள் பறிபோயின. அந்த ஊர்களின் நெஞ்சில் ஆறாத வடு அது. ஓடும் நீர் முழங்கால் அளவே இருந்தாலும் வாகனத்தைத் தள்ளிவிட வல்லது. பழைய சாரதி முன்னால் ஆளை நடக்கவிட்டு ஆழம் பார்த்தார். ஓட்டம் மிகுந்தால் காரை நிறுத்திக் காத்திருந்தார். கடக்காமல் திரும்பி வருவதும் அவரது கலையில் ஒரு பகுதியாயிருந்தது.

கடல் நெருங்கி வந்த ஒலுவில்

ஒலுவிலில் 2013 ஆம் ஆண்டு துறைமுகம் திறக்கப்பட்டது. அதன் அலைதடுப்புச் சுவர்கள் கரையோர மணலின் இயல்பான ஓட்டத்தை மறித்தன. துறைமுகத்தின் வாய் மணலால் அடைபட, வடக்குப் பக்கத்தில் கரை அரிக்கப்பட்டது. தோப்புகளும் காணிகளும் கடலுக்குப் போயின. காணி இழந்தவர்களின் துயரமும் மீனவர்களின் இக்கட்டும் பலமுறை எழுதப்பட்டுவிட்டன. இவ்விடத்தில் எழுதப்படாத ஒரு விளைவைச் சொல்கின்றேன். காற்றிலுள்ள உப்பு கரையிலிருந்து முதற் சில நூறு மீற்றருக்குள்ளேயே பெரும்பாலும் படிந்துவிடும். தென்னையும் தாழையும் நிறைந்த கரையில் அம்மரங்களே அதை வடித்துக்கொள்ளும். கரை பின்வாங்கி, மரவேலியும் அழிந்தால், நேற்றுவரை உப்புக் குறைவாயிருந்த வீடு இன்று உப்பின் வாயில் நிற்கும். அவ்வீட்டின் கூரைத் தகரமும், யன்னலும், முற்றத்திலுள்ள காரும் முச்சக்கர வண்டியும் முன்னிலும் விரைவாக அழியும். இந்த இழப்பு எந்த நட்டஈட்டுப் பட்டியலிலும் இடம்பெறுவதில்லை.

வரலாறு இன்னொரு வகையிலும் திரும்பியது. 2020 மார்ச்சில் அந்நியச் செலாவணியைக் காக்க வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கான தடை 2025 பெப்ரவரியில்தான் நீங்கியது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் பழைய கார்களின் விலை வானத்தை எட்டியது. 1960-களைப் போலவே மீண்டும் இருந்த கார்தான் கார் என்றாயிற்று. ஆனால் இம்முறை கொட்டில் இல்லை, ஈர்க்கு இல்லை. விலையுயர்ந்த பொலித்தீன் உறைகள்தான் இருந்தன. தடை நீங்கிய பின்னரும் வரிச்சுமையால் புதிய கார் நடுத்தர வர்க்கத்தின் கைக்கு எட்டவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டின் பல பாகங்களை வெள்ளத்தில் ஆழ்த்தியது. வெள்ளத்தில் மூழ்கிய கார் கழுவித் துடைக்கப்பட்டு, வேறொரு மாவட்டத்தில் விற்பனைக்கு வரக்கூடும் என்பதை வாங்குவோர் மனங்கொள்ள வேண்டும். கம்பளத்தின் அடியிலும், இருக்கைப் பட்டியின் கடைசி முழத்திலும், மேலதிகச் சில்லின் குழியிலும் வண்டல் படிந்திருக்கிறதா என்று பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

வெள்ளநீர் ஏறிய காரை வைத்திருப்பவர் செய்யக்கூடாத முதற் காரியம், அதை இயக்கிப் பார்ப்பது. என்ஜினுக்குள் புகுந்த நீர் அமுக்கத்துக்கு இணங்காது. இயக்கினால் உள்ளிருக்கும் தண்டு வளைந்து என்ஜினே பாழாகும். மின்கலத்தின் இணைப்பைக் கழற்றி, ஒயில் பால்போல் வெளுத்திருக்கிறதா எனப் பார்த்து, கம்பளங்களை வெளியே எடுத்து, கதவுகளைத் திறந்துவைத்து, தெரிந்த மெக்கானிக் வரும்வரை பொறுத்திருப்பதே அறிவுடைமை. ஹைபிரிட் காராயின் அதன் உயரழுத்தப் பாகங்களைத் தொடவே கூடாது.

ஒலுவிலில் 1990-களின் நடுப்பகுதியிலிருந்து தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இயங்கி வருகின்றது. அங்கே கலைப்பீடமும் உண்டு, பொறியியற்பீடமும் உண்டு. பொறியியல் மாணவர்கள் வெளிச்சவீட்டருகே ஓர் இரும்புத் தகட்டையும், பிரதான வீதியில் ஒன்றையும், வயலோரத்தில் ஒன்றையும் நிறுத்தி, ஒரு மாரி கழிந்ததும் நிறுத்துப் பார்த்தால், கறள் எங்கே எவ்வளவு தின்றது என்ற கணக்கு நமக்குக் கிடைக்கும். எந்தத் தூரத்தில் எந்தத் தகரம் போடுவது, வாகனத்தை எத்தனை நாளுக்கொருமுறை கழுவுவது என்பதை ஊகத்தால் அன்றி அளவால் சொல்ல முடியும். கலைப்பீடத்து மாணவர்கள் எஞ்சியிருக்கும் பழைய சாரதிகளையும் டிங்கர் வேலைக்காரர்களையும் தேடிச்சென்று அவர்கள் சொல்வதைப் பதிவு செய்யலாம். எண்பதைத் தாண்டிய அவர்களிற் பலர் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர். அடுத்த மாரிக்கு முன்னரே இதைத் தொடங்குவது நல்லது.